தண்ணீர் வழியும் கண்ணும் வறண்ட கண்தான்

கேள்வி: எனக்கு வயது 26. அலுவலக வேலையில் சேர்ந்து இரண்டரை வருடம் ஆகிறது. காலை பத்து மணியிலிருந்து மாலை ஏழு வரை கம்ப்யூட்டர் முன்னால்தான். சின்னச் சின்னதாகக் கவனித்ததை எல்லாம் எழுதுகிறேன். எது முக்கியம் என்று எனக்குத் தெரியவில்லை. நாலு மணிக்கு மேல் திரையில் எழுத்து நிழலடிக்கிறது. இமையைக் கொட்டினால் தெளிகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கல். இருக்கைக்கு நேர் மேலே ஏசி. அந்தக் காற்று பட்டால் கண்ணில் தண்ணீர் வழிகிறது. மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது எரிச்சல் இருப்பதில்லை. வேலை முடிந்து வெளியே வந்தால் எதிரே இருக்கும் பெயர்ப்பலகை ஏழெட்டு விநாடி மங்கலாகத் தெரிந்து, பிறகு சரியாகிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று நான்கு மணி நேரம் மொபைல் பார்க்கிறேன். எரிச்சலே கிடையாது, ஆனால் தலை நிமிர்ந்தால் அந்த மங்கல் அன்றைக்கும் உண்டு. கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தைப் போடுகிறேன். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். ஒருநாள் வேலை முடிந்து போகும் வழியில் கண்ணாடிக் கடையில் மெஷினில் பார்த்தேன், மைனஸ் 0.75 பவர் என்றார்கள். கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகுமா? என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: எது முக்கியம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் எழுதினீர்களே, அதுதான் நல்லதாயிற்று. வெறுமனே ‘கண் எரிகிறது’ என்று எழுதியிருந்தால் பாதி விஷயம் எனக்குப் புரிந்திருக்காது. உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன. ஒன்று கண்ணின் மேற்பரப்பில், கண்ணீரில். இன்னொன்று கண்ணுக்குள்ளே, பார்வையைக் குவிக்கும் தசையில். இரண்டும் திரையின் முன்னாலேயே வளர்வதால் ஒரே நோய் போலத் தோன்றுகின்றன. ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குப் பயன்படாது. அந்த மைனஸ் 0.75 கண்ணாடியை இப்போதைக்கு வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கண்ணீர். கருவிழியின் மேல் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. அடியில் வழவழப்பான சளிப்பொருள், அதன் மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். எண்ணெய்தான் மூடி, அது சரியாகப் பரவியிருந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகாது. கண்ணுக்குள் போகும் ஒளி முதலில் தொடுவது இந்தப் படலத்தைத்தான். அது வழவழவென்று இருந்தால் எழுத்து கூர்மையாகத் தெரியும். அங்கங்கே பிய்ந்துபோனால் எழுத்து நிழலடிக்கும். இமை கொட்டும்போது புதுப் படலம் பூசப்படுகிறது. நீங்கள் சொன்ன ‘கொட்டினால் தெளிகிறது, மறுபடி மங்கல்’ என்பது இதுவேதான். பவர் குறையால் வரும் மங்கல் இமை கொட்டுவதால் இப்படி வந்து வந்து போகாது.

பேசிக்கொண்டிருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை இமை கொட்டுகிறோம். திரையில் ஆழ்ந்துவிட்டால் அது 5, 6 என்று இறங்கிவிடுகிறது. மீட்டிங்கில் உங்களுக்கு எரிச்சல் இல்லாததற்கு இது பெரிய காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 6 தடவை என்றால் ஒரு கொட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 விநாடி. நல்ல கண்ணீர்ப் படலம் ஏறத்தாழ 10 விநாடியோ அதற்கு மேலோ பிய்யாமல் தாங்கும். 5 விநாடியில் பிய்ந்துவிடும் கண்ணாக இருந்தால், வேலை நேரத்தில் பாதிக்குக் கருவிழி காய்ந்தே இருக்கிறது.

இதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். மாலை நாலரை மணி வாக்கில் இரண்டு தடவை முழுதாக இமை கொட்டிவிட்டு, திரையில் ஒரு சொல்லை மட்டும் கொட்டாமல் பாருங்கள். கண் கரிக்கிற வரை அல்லது எழுத்து கலைகிற வரை மனதுக்குள் எண்ணுங்கள். காலையில் வந்ததும் இதே மாதிரி ஒரு தடவை. காலையில் 12, மாலையில் 5 என்று வந்தால் பகல் முழுக்கப் படலம் நலிந்துகொண்டே போகிறது என்று அர்த்தம். மூன்று நாள் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். பின்னால் பரிசோதனைக்குப் போகும்போது உதவும்.

கொட்டும் எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை, அரைகுறைக் கொட்டலும் கூடுகிறது. மேல் இமை பாதி தூரம் இறங்கி, கீழ் இமையைத் தொடாமலே ஏறிவிடும். கருவிழியின் அடிப்பகுதி பூசப்படாமலே கிடக்கும். இமைகளின் விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன, மேலே சுமார் 25 முதல் 40, கீழே 20 முதல் 30. இமைகள் ஒன்றையொன்று தொட்டு அழுத்தும்போதுதான் அவற்றிலிருந்து எண்ணெய் கசிகிறது. மாதக்கணக்கில் அரைகுறையாகவே கொட்டினால் எண்ணெய் உள்ளேயே தங்கித் தடித்து, பற்பசை போல ஆகிவிடும். அப்புறம் மூடியில்லாத பாத்திரத்து நீர்தான் உங்கள் கண்ணீர்.

‘தண்ணீர் வழிகிற கண்ணைப் போய் வறண்ட கண் என்கிறீர்களே’ என்று கேட்பீர்கள். கருவிழி காய்ந்ததும் அங்கிருக்கும் நரம்புகள் உறுத்தலை மூளைக்குச் சொல்கின்றன. உடனே மேல் இமைக்குள் வெளிப்புற ஓரத்தில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி மொத்தமாகத் திறந்து விடுகிறது. வருவது அவசரத்துக்கு வரும் வெறும் நீர். அதில் எண்ணெய்ப் பங்கு போதாது. படலமாக நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும், பின்னாலேயே கண் மறுபடி காயும். தண்ணீர் வருகிறதே, பிறகு எதற்குக் கண்ணீர் மருந்து என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஏசியை முதலில் கவனியுங்கள். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் நிலையில் மூக்குக்கு நேரே தொங்கவிட்டுப் பாருங்கள். அது படபடத்தால் காற்று நேராகக் கண்ணில் அடிக்கிறது. ஏசியின் தகட்டைக் கூரைப் பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நாற்காலியை அரை மீட்டர், ஒரு மீட்டர் நகர்த்தி மறுபடி காகிதத்தைப் பிடியுங்கள். காகிதம் அசையாமல் தொங்குகிற இடம்தான் உங்கள் இடம். மேஜை மின்விசிறியும் அப்படியே, முகத்துக்கு நேராக இருக்கவே கூடாது.

அடுத்து திரையின் உயரம். ஞாயிற்றுக்கிழமை மொபைலில் எரிச்சல் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அது பொருள் பொதிந்த குறிப்பு. மொபைலைக் குனிந்து பார்க்கிறோம்; மேல் இமை பாதி இறங்கியே இருக்கும்; காற்றுக்குத் திறந்திருக்கும் பரப்பு குறைவு. மானிட்டரை நிமிர்ந்து பார்த்தால் கண் அகலத் திறந்திருக்கும். திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். கண்ணிலிருந்து திரை 50 முதல் 70 சென்டிமீட்டர், அதாவது கையை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரம். திரையின் மேல்பக்கம் சற்றே பின்னால் சாயட்டும். கழுத்து வலிக்காக லேப்டாப்பை ஸ்டாண்டில் ஏற்றுகிறவர்கள் பல நேரம் அளவுக்கு மீறி ஏற்றிவிடுகிறார்கள். கழுத்து தப்பிக்கும், கண் காயும். ஸ்டாண்ட் வைத்தால் கீபோர்டு தனியாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் போதும். திரைக்குப் பின்னாலோ உங்கள் முதுகுக்குப் பின்னாலோ வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை விளக்கு போல எரிந்தால் பிரகாசம் அதிகம், சாம்பல் நிறமாகத் தெரிந்தால் குறைவு.

இமை கொட்டும் பயிற்சிக்கு வருவோம். ‘அடிக்கடி கொட்டுங்கள்’ என்று சொன்னால் யாராலும் முடியாது, பத்து நிமிடத்தில் மறந்துவிடும். ஏதாவது ஒரு செயலோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு மெயிலை அனுப்பியதும், ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும், இப்படி: மெதுவாக மூடுங்கள், மேல் இமை கீழ் இமையைத் தொடுவது தெரிய வேண்டும், இரண்டு எண்ணுங்கள், திறங்கள். ஐந்து தடவை. நெற்றி சுருங்கும்படி இறுக்க வேண்டாம். இருபது விநாடிகூட ஆகாது.

இரவில் வெந்நீர் ஒத்தடம். இதைச் செய்தேன், பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் துணியை ஒரே தடவை நனைத்து, ஒரு நிமிடம் வைத்து எடுத்தவர்களாக இருப்பார்கள். தடித்த எண்ணெய் உருக இமை சுமார் 40 டிகிரி சூட்டில் ஐந்து நிமிடமாவது இருக்க வேண்டும். நனைத்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். ஆகவே இரண்டு துணிகளை மாற்றி மாற்றி வையுங்கள், மொத்தம் எட்டு முதல் பத்து நிமிடம். சூட்டை முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணில் வைக்க வேண்டும். இமைத் தோல் மெல்லியது, சுட்டுவிடும். ஒத்தடம் முடிந்த சூட்டோடு சுத்தமான விரலால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் இமை விளிம்பை நோக்கி மெல்ல நீவுங்கள், ஐந்தாறு தடவை. கண்ணை அழுத்தாதீர்கள். இரண்டு முதல் நான்கு வாரம் தினமும் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். முதல் இரண்டு நாளில் எண்ணெய் கலந்து கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

நீங்கள் போடும் சொட்டு மருந்தின் பெயரை எழுதவில்லை. இன்றே அட்டையை எடுத்துப் படியுங்கள். நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் போன்ற பெயர்கள் இருந்தால் அது சிவப்பை மறைக்கும் மருந்து. ரத்தக் குழாய்களைச் சுருக்கி வெண்மையாகக் காட்டும். கண் காய்வதை மாற்றாது. நாள்கணக்கில் போட்டால், நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும், உடனே மறுபடி போடத் தோன்றும். டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் போடவே கூடாது. கண் அழுத்தத்தைக் கூட்டும், கண்புரையையும் வரவழைக்கும். கடையில் கொடுத்தார்கள் என்பதற்காக இதைத் தொடர வேண்டாம். பல நாளாகப் போட்டு வந்திருந்தால் இந்த வாரமே ஒரு கண் மருத்துவரிடம் காட்டிக் கண் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

உங்களுக்குப் பொருத்தமானது செயற்கைக் கண்ணீர். கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம் இருந்தால் போதும். எரிச்சல் வந்த பிறகு போடாமல், வரும் முன்பே போடுங்கள்: வேலை தொடங்கும்போது ஒன்று, மதியம் ஒன்று, மூன்றரை மணிக்கு ஒன்று. ஒரு சொட்டுக்கு மேல் கண்ணில் தங்காது, இரண்டாவது வழிந்துதான் போகும். பாட்டில் நுனி இமை முடியில் படக் கூடாது. ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமல் இருப்பதற்கான வேதிப்பொருள் சேர்க்காத வகையைக் கேளுங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்ற அந்தப் பொருள் அடிக்கடி பட்டால் அதுவே கருவிழியை உறுத்தும். திறந்த பாட்டிலை எத்தனை நாள் வைக்கலாம் என்பது அட்டையில் இருக்கும், பெரும்பாலும் ஒரு மாதம்தான்.

ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தும்மல், அலர்ஜிக்குத் தினமும் மாத்திரை உண்டா? உங்கள் வயதில் இரண்டும் சகஜம். முன்னது எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கும், பின்னது கண்ணீரைக் குறைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்து எழுதியவரிடம் கண் காய்வதைச் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது தொல்லை. தூரத்தில் பார்க்கும்போது கண்ணின் உள்தசை தளர்ந்திருக்கும். அருகில் பார்க்க அது சுருங்கி, கண்ணின் லென்ஸைக் குண்டாக்குகிறது. 50 சென்டிமீட்டரில் இருக்கும் திரைக்கு அது 2 டயாப்டர் (கண்ணாடி பவரைச் சொல்லும் அதே அளவு) வேலை செய்ய வேண்டும். 25 சென்டிமீட்டரில் பிடித்த மொபைலுக்கு 4 டயாப்டர், இரட்டிப்பு. மணிக்கணக்காகச் சுருங்கியே இருந்த தசை, நிமிர்ந்ததும் உடனே தளராது. மூட்டையைச் சுமந்து வந்தவரின் விரல்கள் இறக்கி வைத்த பிறகும் மடங்கியே நிற்பது போல. அந்த ஏழெட்டு விநாடி மங்கல் இதனால்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எரிச்சல் இல்லாமல் மங்கல் மட்டும் வந்ததும் இதனால்தான். ஏசியும் இல்லை, அண்ணாந்து பார்ப்பதும் இல்லை, ஆனால் கம்ப்யூட்டர் திரையைவிட மொபைல் அருகில் இருக்கிறது.

20 நிமிடத்துக்கு ஒரு தடவை 6 மீட்டருக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 6 மீட்டர் ஏன் என்றால், அந்தத் தூரத்தில் தசைக்கு வேலை ஏறக்குறைய இல்லை. இரண்டு மீட்டரில் இருக்கும் சுவரைப் பார்ப்பது அரை ஓய்வுதான். வெறுமனே வெறிப்பதைவிட, ஜன்னலுக்கு வெளியே ஓர் எழுத்தையோ கிளையையோ எடுத்துக்கொண்டு அது கூர்மையாகும் வரை பாருங்கள். இடைவேளையில் திரையை விட்டு மொபைலை எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தசைக்கு அது ஓய்வு இல்லை, பாரம் இரட்டிப்பாகிறது. மொபைலை 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். மானிட்டர் எழுத்துக்கும் ஒரு சோதனை உண்டு: வழக்கமான தூரத்தைப் போல மூன்று மடங்கு பின்னால் போய் நின்றாலும் படிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் எழுத்து சிறியது.

இப்போது அந்த மைனஸ் 0.75. வேலை முடிந்த கையோடு போய் மெஷினில் பார்த்தீர்கள். தசை இன்னும் சுருங்கியே இருக்கும் நேரம் அது. சுருங்கிய தசையோடு பார்த்தால், இல்லாத கிட்டப்பார்வையை இருப்பதாக மெஷின் காட்டும். இருப்பதைக் கூட்டியும் காட்டும். அதை நம்பிக் கண்ணாடி போட்டால் தூரம் பளிச்சென்று இருக்கும், ஆனால் திரையைப் பார்க்கத் தசை இன்னும் 0.75 டயாப்டர் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். வெளியில் ஒரு நிம்மதி, உள்ளே தலைவலி. இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம்: லேசான பிளஸ் பவர் இருந்து, இளவயதுத் தசை அதை ஈடுகட்டிக்கொண்டே வந்து இப்போது களைத்திருக்கலாம். பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடுவதால் இது எளிதில் தப்பிவிடும். தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டுப் பார்த்தால் எது உண்மை என்று தெரிந்துவிடும்.

சரியான கண்ணாடி போடுவதால் பவர் ஏறாது. ஏறுகிற பவர் கண்ணாடி இல்லாமலும் ஏறும். நீல ஒளிக் கண்ணாடிக்குச் செலவழிக்க வேண்டாம். மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு 17 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட, குறுகிய காலத்தில் கண் களைப்பை இது குறைப்பதாகத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள எந்தக் குறியும் ஒளியின் நிறத்தால் வந்ததும் இல்லை.

கண் கரிக்கும்போது கசக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தொடர்ந்து அழுத்திக் கசக்குவது கருவிழியை மெலிந்து கூம்பச் செய்யும் நோயோடு தொடர்புள்ளது. குளிர்ந்த துணியை மூடிய இமை மேல் வைத்தால் அரிப்பு அடங்கும்.

இந்த வாரம் ஏசி, திரை உயரம், இமை கொட்டுவது, 6 மீட்டர் ஆகியவற்றை மட்டும் மாற்றுங்கள். அடுத்த வாரம் ஒத்தடமும் செயற்கைக் கண்ணீரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். ஆனால் ஒரு கண்ணில் திடீரென்று பார்வை குறைந்தாலோ, மின்னல் வெட்டுவது போலத் தெரிந்து கரும்புள்ளிகள் கொட்டினாலோ, திரைச்சீலை இறங்கியது போல ஒரு பக்கம் மறைத்தாலோ, வலியும் சிவப்பும் சேர்ந்து வெளிச்சம் பார்க்கவே கூசினாலோ, உருவம் இரண்டாகத் தெரிந்து நீடித்தாலோ அன்றே கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இவை வறட்சியால் வருபவை அல்ல.

மற்றபடி, மாதம் முடிவதற்குள் ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காலையில் போங்கள், விடுமுறைக்கு மறுநாள் காலை என்றால் இன்னும் நல்லது. கண்ணிலிருந்து திரைக்கு, கண்ணிலிருந்து மொபைலுக்கு எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கண்ணாடி எழுதுபவருக்கு இந்த இரண்டு எண்களும் அவசியம், பலரும் சொல்வதில்லை. படலம் எத்தனை விநாடி தாங்குகிறது, எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருக்கின்றனவா, இரண்டு கண்களும் அருகில் ஒன்றாகக் குவிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதை வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம்: பேனா நுனியை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவாருங்கள். மூக்குக்கு 10 சென்டிமீட்டர் தூரத்தை எட்டும் முன்பே அது இரண்டாகிவிட்டால் அதையும் சொல்லுங்கள். தசையைத் தளர்த்தும் சொட்டு போட்டால் அருகில் உள்ள எழுத்து மங்கும், வெயில் கூசும். ஒரு நாள் வரைகூட நீடிக்கலாம். அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், கருப்புக் கண்ணாடி கையில் இருக்கட்டும், வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம்.